சாயப்பட்டறையின் பின்கதவு

இப்பல்லாம் ஆள் செத்தால்தான் கூட்டம் போடுகிறார்கள். உயிரோடு இருக்கும்போது இவனுக்கு என்ன குறை என்று கேட்க நாதியில்லை. செத்த பிறகு பெஞ்சு வருகிறது, டீ வருகிறது, பன்னு வருகிறது. ஒருத்தன் பேச, மற்றவன் பன்னைப் பிட்டுத் தின்றுகொண்டே தலையாட்டுகிறான். ஜனங்களுக்கு வெட்கம் என்பது சுத்தமாகப் போய்விட்டது.

நான் தாமல் கிராமத்துக்காரன். ஏரித் தண்ணியை நம்பிப் பயிர் வைக்கிறவன். பட்டுத் தொழிலைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. என் மகள் பூவம்மாளைத் தர்மனுக்குக் கொடுத்திருந்தேன். அவன் சின்ன காஞ்சிபுரத்தில் பட்டுக் கூட்டுறவுச் சங்கத்துச் சாயப்பட்டறையில் வேலை செய்தான். வைகாசியில் செத்தான். ஆடியில் பட்டறைக்குள்ளேயே கூட்டம் வைத்தார்கள். புருஷன் இருந்த இடத்தில் பெண்டாட்டிக்கு வேலை தருகிறோம் என்று சொல்லியிருந்தார்கள். அதே பட்டறை, அதே சாயக் கொப்பரை. போகாதே என்றேன். யோசிக்கிறேன் என்றாள். அதனால்தான் கூட்டத்துக்கு அவளோடு நானும் போனேன்.

அவன் செத்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். பட்டு நூலைக் கழியில் மாட்டி, கொதிக்கிற சாயத்தில் முக்கிப் புரட்டுகிற வேலை. தரை எப்போதும் ஈரம். வழுக்கினான். கொப்பரை சாய்ந்து இடுப்புக்குக் கீழே வெந்துபோனான். கிணறு பின்பக்கம். எப்பவோ கொஞ்சம் நூல் திருட்டுப் போனதென்று பின்கதவைப் பூட்டியே வைத்திருந்தார்கள். சாவி பட்டறை மேனேஜர் இடுப்பில். மேனேஜர் கருட சேவை பார்க்கப் போயிருந்தார். பெருமாள் வருகிற கூட்டத்தில் அவரை எங்கே தேடுவது? கதவை உடைத்துத் தண்ணி கொண்டுவருவதற்குள் வேட்டி தோலோடு ஒட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் என்னைப் பார்த்து, "மாமா, சேத்துல நிக்கற மாதிரி ஜில்லுனு இருக்குது" என்றான். எரியவில்லை, ஜில்லென்று இருக்கிறது என்றபோதே இனித் தேறமாட்டான் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

கூட்டத்தை நடத்தியவர் சங்கத்தின் புது செக்ரட்டரி, மாணிக்கவாசகம் என்று பேர். சின்ன வயசு.

"எங்க எந்த ஆபத்து வரலாம்னு நீங்களே சொல்லுங்க. தெரிஞ்சாதானே முன்னாடியே ஏற்பாடு பண்ணலாம்?"

ஆளுக்கொரு பன்னை எடுத்துக்கொண்டார்கள்.

"சரி, தீப்பிடிச்சா எந்தப் பக்கம் ஓடுவீங்க? அதையாவது சொல்லுங்க."

மூத்த சாயக்காரர் சிட்டிபாபு பதறிப்போனார். "சார், அடுப்பு எரியற எடத்துல அந்தப் பேச்சு வேணாம் சார். வாயால கூப்ட்டா வந்துடும்."

அது அவர்கள் வழக்கம். அடுப்பு மூட்டிவிட்டால் உள்ளே கெட்ட வார்த்தை எதுவும் சொல்லமாட்டார்கள். சொன்னால் சாயம் திரிந்துபோகுமாம், ஆளையும் காவு வாங்குமாம். செக்ரட்டரி எல்லோரையும் தெருவுக்குக் கூட்டிவந்தார். பெஞ்சும் பின்னாலேயே வந்தது.

"இங்க சொல்லலாமா?"

"இங்கேருந்து பாத்தாலும் அடுப்பு தெரியுதே சார்" என்றான் முனுசாமி. தர்மனோடு ஜோடியாகக் கழி பிடித்தவன் அவன். ரெண்டு பேர் சிரித்தார்கள்.

பூவம்மாள் அவனைப் பார்த்தாள்.

"அவரு ஒரு நாளும் அந்தப் பேச்சு பேசனதில்லண்ணா. வூட்ல வெளக்க அணைன்னுகூட சொல்லமாட்டாரு, மலையேத்துன்னுதான் சொல்வாரு. யாரும் கூப்புடல. அப்புறம் எப்படி வந்துச்சு?"

சிரித்தவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். முனுசாமி அப்படியே குந்திக்கொண்டு அழ ஆரம்பித்தான்.

"தரைதான் தங்கச்சி. தெனம் நானும் வழுக்கிக்கினுதான் இருந்தேன். சொன்னா கெட்டதுன்னு நானும் சொல்லல, அவனும் சொல்லல."

அப்புறம் ஒவ்வொருத்தனாகச் சொன்னான். ஆசிட் ஜாடிக்கு மூடி இல்லை. அடுப்புக்கு மேலேயே கீத்துக் கூரை. கொப்பரைக்கு ஒரு கால் ஆடுகிறது. சிட்டிபாபு மட்டும் காதைப் பொத்திக்கொண்டிருந்தார். உடைத்த பின்கதவைச் சரிசெய்து மறுபடியும் பூட்டித்தான் வைத்திருந்தார்கள். செக்ரட்டரி ஓரமாக நின்ற மேனேஜரிடம் சாவி வாங்கி உள்ளே போய், அந்தப் பூட்டைக் கழற்றிக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்.

"இனிமே பின்கதவுக்குத் தாழ்ப்பாள் மட்டும்தான்."

நான் கேட்டேன். "தம்பி, நாளைக்கு நூல் காணாம போச்சுன்னா?"

"போகாது பெரியவரே."

"போச்சுன்னா?"

அவர் மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் தெருவைப் பார்த்தார்.

"அப்ப பாத்துக்கலாம்" என்றார் செக்ரட்டரி.

எனக்கு அது போதும். "வாம்மா, பஸ்ஸுக்குப் போவலாம்."

அவள் நகரவில்லை. "நான் இருக்கேம்பா. கொப்பரையாண்ட இல்ல, நூல் அலசற வேலைதான் எனக்கு. அந்தக் கதவாண்டதான். தெறந்து இருக்குதான்னு தெனம் பாத்துப்பேன்."

"தர்மனுக்குக் கண்ணு இல்லியா? அவன் பாக்கலியா?"

அதைச் சொல்லியிருக்கக்கூடாது. அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"பாத்தாரு. கேக்கல. நான் கேப்பேன்."

கேட்பாள். பதில் சொல்ல யார் இருப்பார்கள்? செக்ரட்டரி நல்ல பிள்ளையாகவே இருக்கட்டும். நல்ல பிள்ளைகளை வேறு ஊருக்கு மாற்றிவிடுகிறார்கள். மேனேஜர் மாறுவதில்லை. அந்தப் பூட்டை அவர் வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டதை நான் பார்த்தேன்.

இன்னொரு தடவை கூப்பிட்டால் வருவாளோ என்று கொஞ்சம் நின்றேன். வரமாட்டாள். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டுப் பக்கம் நடந்தேன்.