எடுத்தது எடுத்தபடி

சரித்திரம் தலைநிமிரும் நாட்கள் என்று சில உண்டு. அப்படியொரு நாள் 2007 ஐப்பசியில், பதுளையில் ஒரு கல்யாண மண்டபத்தில் உதித்திருப்பதாக வீரசிங்கம் அறிவித்தார். மைக் அவர் கையில் இருந்ததால் யாரும் மறுக்கவில்லை.

அவருடைய மகள் ஜெயந்தினிக்கு அன்று நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை கிஷாந்தன், மாவட்ட அரசாங்க அலுவலகமான கச்சேரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்து இரகுநாதனின் மகன். மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் தாம் "நிர்வாகத்தில் இருந்ததாக" வீரசிங்கம் சம்பந்தி வீட்டில் சொல்லிவைத்திருந்தார். இருந்தது உண்மை, ஆபீசில் கிளாக்கராக இருந்தார். போதாதென்று, வராத யாழ்ப்பாணப் பேச்சை வரவழைத்து, தோட்ட மேலாளரான துரையைப் பற்றி இன்னொன்றும் சொன்னார்.

"துரை எண்டால் என்ன, எங்கட சினேகிதன்தானே. நிச்சயத்துக்கு வருவார்."

துரைக்குச் சினேகிதன் என்றால் பெண் எடுக்கலாம் என்று இரகுநாதன் இறங்கிவந்தார். சம்பந்தம் அந்த ஒரு வசனத்தின் மேல்தான் நின்றது. ஜெயந்தினிக்குக் கிஷாந்தனை நிஜமாகவே பிடித்திருந்தது. அதை யாரும் கேட்கவில்லை.

சம்பந்தி வீட்டை மலைக்கவைக்க ஒரு புதுமையும் ஏற்பாடாகியிருந்தது. ஸ்டூடியோ வாஹித் படம் எடுப்பான். அவன் தங்கை முஹ்ஸினா சுடச்சுடக் கம்ப்யூட்டரில் ஏற்றுவாள். மேடைக்குப் பக்கத்தில் கட்டிய வெள்ளைத் துணியில் படங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் பெரிதாக வந்துபோகும். தீர்ந்தால் மறுபடி ஓடும்.

"ஒன்னையும் கழிக்கக் கூடாது புள்ள. எடுத்தது எடுத்தபடி போடு" என்பது வீரசிங்கத்தின் உத்தரவு.

சம்பந்தியம்மா யோகமலர், வாய்கொள்ளாத வடையோடு துணியில் ஆறடி உயரத்தில் தோன்றினார்.

"ஆர் இந்தக் கூத்தை ஒழுங்கு செய்தது?"

"எங்க அண்ணன்தாங்க. வடை நல்லா இருந்துச்சுங்களா?" என்று தூணுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது. வீரசிங்கத்தின் தங்கை ஜெயலெட்சுமி. இன்னமும் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள். சம்பந்திகள் கண்ணில் படாதிருக்க அண்ணன் ஒதுக்கிய இடம் அது. யோகமலர் வடையை இலையோரம் ஒதுக்கினார்.

அப்போது வாசலில் தோட்டத்து ஜீப் வந்து நின்றது. புதுத் துரை வந்தது வீரசிங்கம் ஓய்வுபெற்ற பிறகு. முகம் தெரியாது, ஜீப் தெரியும். மைக்கைப் போட்டுவிட்டு மழையில் ஓடினார். வாஹித்தும் பின்னால் ஓடினான். கொஞ்ச நேரத்தில் அவன் மட்டும் சொட்டச்சொட்ட வந்து, எடுத்ததை முஹ்ஸினாவிடம் கொடுத்தான்.

முதல் படத்தில் வீரசிங்கம் ஜீப்பின் கதவைத் திறந்து பிடித்திருந்தார். அடுத்ததில் கோட்டுப் போட்ட ஒருவருக்குக் குடை பிடித்துத் தாம் நனைந்தார். அதற்கடுத்ததில் தோளிலிருந்த ஜரிகைச் சால்வை இடுப்புக்கு இறங்கியிருந்தது. துரைக்கு முன்னால் சால்வை தோளில் கிடக்கக் கூடாதென்பது தோட்டத்தில் தகப்பன் காலத்து வழக்கம். கடைசிப் படத்தில் அந்தச் சால்வை நுனியால் கோட்டுக்காரரின் சப்பாத்துச் சேற்றைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சினேகிதன் எண்டவர்" என்றார் யோகமலர்.

"சினேகிதம்தான். கால்வரைக்கும் இறங்கியிருக்கு" என்றார் இரகுநாதன். அவரும் அரசாங்க அதிபரின் கார்க் கதவை முப்பது வருடம் திறந்தவர்தான். அப்போது யாரும் படம் எடுக்கவில்லை.

ஜெயந்தினி மேடையிலிருந்தே கெஞ்சினாள். "நிப்பாட்டுங்க தங்கச்சி!"

"சேர் தானே சொன்ன, எடுத்தது எடுத்தபடி போடச் சொல்லி" என்றாள் முஹ்ஸினா.

வீரசிங்கம் உள்ளே வந்தார். சால்வை தோளுக்கு ஏறியிருந்தது. கோட்டுக்காரரின் முதுகில் உரிமையோடு கை. "மீட் மை ஓல்ட் பிரெண்ட்!" என்று முழங்கினார். பின்னால் துணியில் அவர் மறுபடி கதவைத் திறந்தார். சபை சிரித்தது, வரவேற்பென்று எடுத்துக்கொண்டார். "மஹத்தயா, மம..." என்று சிங்களத்தில் தன்னைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்த விருந்தாளியை "பிளீஸ், பிளீஸ்" என்று முன்வரிசையில் அமுக்கினார்.

ஜெயலெட்சுமி எழுந்தாள்.

"அண்ணே, இவரு நம்ம பங்களா அப்புல்ல! புதுத் துரையோடவே வந்து அவருக்குச் சோறாக்குறவரு. துரையோட பழைய கோட்டைப் போட்டிருக்காரு. நேத்துக்கூட நம்ம லயத்து வீட்டுக்கு வந்து கீரை கேட்டாரே!"

"வாயை மூடுடி!" யாழ்ப்பாணப் பேச்சு பறந்துபோனது. "ஒன்னையக் கூப்பிட்டதே தப்பு!"

"தூணுக்குப் பின்னாலதானே ஒக்கார வச்ச? அங்கயிருந்து படம் நல்லாத் தெரியுதுண்ணே."

இரகுநாதன் எழுந்து வேட்டியைச் சரிசெய்தார். "மிஸ்டர் வீரசிங்கம், நாங்கள் யோசிச்சுச் சொல்லுறம்."

பெண் வீட்டில் அதைக் கேட்டவர்கள் பிறகு பதிலுக்குக் காத்திருப்பதில்லை. கிஷாந்தன் ஜெயந்தினியை ஒரு தடவை பார்த்தான். பிறகு அம்மாவின் கைப்பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தான். வாஹித் அதையும் எடுத்தான். அதுவும் பெரிதாக வந்தது.

அப்புவுக்கு அதற்குப் பிறகுதான் பேச இடம் கிடைத்தது. சந்தைக்கு வந்த வழியில் அவர் கொண்டுவந்திருந்தது வீரசிங்கத்தின் அழைப்பிதழ். அந்தப் பெயரில் யாரையும் தனக்குத் தெரியாது, ஆள் மாறி வந்திருக்கும் என்று துரை திருப்பி அனுப்பியிருந்தார்.