பதினாலாயிரம் அடியில் தெலுங்கு

வேண்டாம் என்று சொல்வதற்காகத்தான் அனிதா அன்றைக்கு விமானத்தில் ஏறினாள். விமானம் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓசூரைத் தாண்டி, கர்நாடக எல்லையை ஒட்டிய ஒரு சின்ன ஓடுபாதையில் நிற்கும் டிரைக் அது. மூன்று சக்கரம், முன்னும் பின்னுமாக இரண்டு சீட்டு, முதுகுக்குப் பின்னால் விசிறி வைத்த இன்ஜின், தலைக்கு மேல் முக்கோணமாக ஒரு துணி இறக்கை. கதவு கிடையாது, கண்ணாடி கிடையாது. மத்திகிரியில் அவர்கள் தெருவில் அதற்குப் பறக்கிற ஆட்டோ என்று பேர். ஆட்டோவிலாவது பிடித்துக்கொள்ள ஒரு கம்பி இருக்கும் என்பாள் அனிதா.

அவள் கணவன் திருமலை அந்த ஓடுபாதையில் டிரைக் ஓட்டக் கற்றுக்கொடுப்பவன். லடாக்கில் பனிமலைக் கணவாய்களை வானத்திலிருந்து படம் எடுக்க ஒரு குழு கிளம்புகிறது. வண்டி ஓட்ட அவனைக் கூப்பிட்டிருந்தார்கள். மூன்று மாதம். பதினெட்டாயிரம் அடி உயரம். செய்தி வந்த நாளிலிருந்து திருமலைக்குச் சோறு இறங்கவில்லை. கல்யாணம் நிச்சயமானபோதுகூட மனுஷன் இப்படித் துள்ளியதில்லை. ஆனாலும் வீட்டில் சரி என்று சொன்னால்தான் வருவேன் என்று குழுவிடம் சொல்லிவிட்டான். அங்கேதான் அனிதா மாட்டிக்கொண்டாள். மீறிக்கொண்டு கிளம்பினால் சண்டை போடலாம். முடிவைக் கையில் கொடுத்துவிட்டு எதிரில் உட்கார்ந்து முகத்தையே பார்க்கிறவனை என்ன செய்வது?

"ஒரே ஒரு தடவ என்கூட மேல வா. வந்து பாத்துட்டு அப்பவும் வேணாம்னா, அதப் பத்தி வாயே தொறக்கமாட்டன்" என்றான்.

"வந்துட்டும் வேணாம்னுதாங்க சொல்லுவன். இப்பவே சொல்லிட்டன், அப்புறம் மூஞ்சியத் தூக்கி வச்சிக்கக் கூடாது."

"சரி, சொல்லு. மேல வந்துட்டுச் சொல்லு."

அவன் சிரித்த சிரிப்பில் அவளுக்கு எரிச்சல்தான் வந்தது.

இன்னொரு விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். திருமலை வீட்டில் எல்லோரும் தெலுங்கு. அனிதா சாமல்பட்டிக்காரி, வாக்கப்பட்டு வந்தபோது அவளுக்கு ஒரு வார்த்தை தெரியாது. மாமியார் பூவம்மாளும் நாத்தனாரும் பேசிச் சிரிக்கும்போதெல்லாம் தன்னைப் பற்றித்தான் ஏதோ பேசுகிறார்கள் என்று நினைத்து, முதல் மாதம் முழுக்க அழுதாள். அதைப் பார்த்த திருமலை, உன்னிடம் இனி தமிழைத் தவிர வேறு பேசமாட்டேன் என்று சொன்னான். சொன்னபடியே இருந்தான். அவள் கேட்டுக் கேட்டே தெலுங்கு கற்றுக்கொண்ட பிறகும் அவன் மாறவில்லை. அம்மாவிடம் பாதிப் பேச்சில் இருப்பான், இவள் உள்ளே வந்ததும் இவள் பக்கம் திரும்பித் தமிழில் மீதியைச் சொல்வான். ஒரே ஒரு தடவைதான் தவறினான். குடல்வால் ஆபரேஷன் முடிந்து மயக்கம் தெளியாமல் கிடந்தபோது இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆவுக்கி மேத்த வேசினாவா?" என்று கேட்டான். மாட்டுக்குத் தீவனம் போட்டாயா என்று. அவர்களிடம் மாடே கிடையாது. அதை வைத்து அனிதாவும் மகன் ஹரீஷும் அவனைப் பல வருஷம் ஓட்டினார்கள்.

கிளம்பிய காலையில் ராத்திரி மழை விட்டு வானம் கழுவி வைத்ததுபோல் இருந்தது. அனிதா வேலை பார்ப்பது கெலமங்கலம் பக்கம் ஒரு ரோஜாப் பண்ணையில். ஏற்றுமதிப் பூவைக் கட்டி அடுக்கும் குளிர் அறைக்கு அவள்தான் சூப்பர்வைசர். அந்த அறையில் போட்டுக்கொள்ளும் தடித்த கோட்டையும் கையுறையையும் கொண்டு வந்திருந்தாள். திருமலை அவளைப் பின்சீட்டில் உட்காரவைத்து பெல்ட்டை இழுத்துக் கட்டினான். பைக்கில் பின்னால் உட்காருவதுபோலத்தான், அவன் முதுகு அவளுக்கு முன்னால் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது.

"இந்தா, இந்த லீவர் இருக்குதே, இது இன்ஜின் வேகம். உன் கைக்கும் எட்டும். தெரியாமக்கூடத் தொட்டுடாத. கொறஞ்சா வண்டி எறங்க ஆரம்பிச்சிடும்."

"நீங்க மயக்கம் போட்டா?"

"நான் கையே விட்டாலும் இது பாட்டுக்கு நேராப் போவும். அவ்ளோ சமத்து."

லடாக் குழு சோதித்துப் பார்க்கச் சொல்லி ஒரு ஆக்சிஜன் செட் அனுப்பியிருந்தது. ஒரு சின்ன சிலிண்டர், ஆஸ்பத்திரியில் மூக்கில் செருகுவார்களே, அந்த மாதிரி ஒரு குழாய். வந்தது ஒன்றுதான், அது விமானிக்கு உரியது. திருமலை அதை எடுத்து அனிதாவின் மூக்கில் செருகி, காதைச் சுற்றிப் பட்டையை மாட்டிவிட்டான்.

"உங்களுக்கு?"

"எனக்குப் பழக்கம். நீ மொத மொத வர்ற. உனக்குத் தலவலி வந்துச்சுன்னா அப்புறம் என்னா காட்டியும் பிரயோஜனம் இல்ல."

கடைசி வடையைப் பாதியாகப் பிய்க்க யோசிக்கிற மனுஷன் மூச்சுக்காற்றைத் தூக்கிக் கொடுத்தான். அனிதாவும் அதைச் சும்மா வாங்கிக்கொண்டாள். இரண்டு பேருக்குமே அது தப்பு என்று தோன்றவில்லை. விருந்தாளிக்கு முதல் இலை போடுகிற வீட்டில் வேறெப்படித் தோன்றும்?

வண்டி ஓடியது, துள்ளியது, தரை கழன்று விழுந்தது. அனிதா கண்ணை மூடிக்கொண்டு தனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டாள். கால் தொங்கும் இடத்தில் ஒன்றுமே இல்லை என்பது செருப்பு வழியாகவே தெரிந்தது. ரொம்ப நேரம் கழித்து அவள் ஹெல்மெட்டுக்குள் இருந்த ஸ்பீக்கரில் திருமலையின் குரல் கேட்டது.

"கண்ணத் தொற. உன் பண்ணை தெரியுது பாரு."

திறந்தாள். ரோஜாப் பண்ணையின் வெள்ளைக் கூடாரங்கள் கீழே காயப்போட்ட அப்பளம்போல் வரிசையாகக் கிடந்தன. அதற்குள்தான் அவளுடைய குளிர் அறை, அவளுடைய சண்டைகள், கணக்கில் வராமல் போன பூக்கட்டுகள் எல்லாம் இருந்தன. சிப்காட் கம்பெனிகளின் தகரக் கூரைகள் வெயிலில் மின்னின. பெங்களூர் ரோட்டில் லாரிகள் நகர்வதே தெரியவில்லை. தினமும் ஒரு மணி நேரம் பஸ்ஸில் இடிபட்டுப் போகும் தூரத்தை அவளால் ஒரு உள்ளங்கையால் மறைக்க முடிந்தது. இவ்வளவு சின்ன இடத்திலா இத்தனை பாடு என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது.

இன்னும் ஏறினார்கள். கர்நாடகம் எங்கே முடிகிறது, தமிழ்நாடு எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. ஏரிகள் மட்டும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி பளபளத்தன. தேன்கனிக்கோட்டைக் காடுகளின் மேல் மேகம் படுத்திருந்தது. சற்று நேரத்தில் அந்த மேகமும் கீழே போய்விட்டது. அனிதாவுக்குத் தெரிந்த வானத்தில் மேகம்தான் மேலே இருக்கும். இங்கே மேகம் தரையாகிவிட்டது. ராயக்கோட்டை மலை அதில் ஒரு கூழாங்கல் மாதிரி தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. தலைக்கு மேல் இருந்த நீலம் அவள் இதுவரை எந்தப் புடவையிலும் பார்க்காத நீலம்.

"எங்க ஒக்காந்திருக்கம் பாத்தியா?" என்றான் திருமலை.

அவள் கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. பயத்தால் இல்லை. இப்படி ஒன்று தலைக்கு மேலே தினமும் இருந்திருக்கிறது, இத்தனை வருஷம் அண்ணாந்துகூடப் பார்க்காமல் இருந்திருக்கிறோம் என்ற நினைப்பு தாங்க முடியாமல் இருந்தது.

"அந்தப் பக்கம் பாரு. மேகத்து மேல."

மேற்கே மேகத்தின் மேல் அவர்களுடைய நிழல் விழுந்திருந்தது. குட்டியாக ஒரு முக்கோணம். அதைச் சுற்றி முழு வட்டமாக ஒரு வானவில். வானவில் என்றால் வில்தான் என்று நினைத்திருந்தவள் அது மூடிய வளையமாக இருப்பதைப் பார்த்தாள். அவர்கள் போகும் வேகத்துக்கு அதுவும் கூடவே வந்தது. அனிதா கையெடுத்துக் கும்பிட்டாள். யாரைக் கும்பிடுகிறோம் என்று அவளுக்கே தெரியாது.

"எறங்கலாமா? நெனச்ச உயரம் வந்தாச்சு" என்றான்.

வேண்டாம் என்று சொல்ல வந்தவள் வேண்டாம் என்றுதான் சொன்னாள். "வேணாங்க. இன்னும் கொஞ்சம் மேல போலாம்."

திருமலைக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? அனுமதி வாங்கிய உயரம் இன்னும் மிச்சம் இருந்தது. அவன் கைப்பிடிக் கம்பியை முன்னால் தள்ளினான், இறக்கையின் மூக்கு நிமிர்ந்தது.

குளிர் கோட்டைத் துளைத்தது. குளிர் அறையில் எத்தனையோ வருஷம் நின்றவளுக்கே பல் கிட்டியது. இன்ஜின் சத்தம்கூட மெலிந்துவிட்டது போல் இருந்தது. தென்மேற்கே, பூமி முடிகிற இடத்தில், நீலமாக ஒரு மலைத்தொடர் எழுந்தது. நீலகிரியாக இருக்கலாம் என்று நினைத்துக்கொண்டாள். முன்சீட்டில் உயரமானியின் முள் பதினாலாயிரம் அடியைத் தொட்டது.

"ஏமே, சூடு" என்றான் திருமலை. "எந்த பாகுந்தி!"

ஏய், பாரு, எவ்வளவு நல்லா இருக்குது. அனிதாவுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பதினாலு வருஷத்தில் அவன் தன் வீட்டுப் பேச்சில் அவளைக் கூப்பிட்டதில்லை. இவ்வளவு உயரத்துக்கு வந்த பிறகுதான் மனுஷன் மனதைத் திறக்கிறான் என்று நினைத்து, அவளும் ஆசையாகத் தெலுங்கிலேயே, "சால பாகுந்தி" என்றாள்.

அவன் குழந்தைபோல் சிரித்தான். சிரித்துக்கொண்டே கையுறையைக் கழற்றி வீசினான். "நாக்கு சலி லேது" என்றான். எனக்குக் குளிரவில்லை.

குளிரவில்லையா?

அவன் வெறுங்கையை வெளியே நீட்டிக் காற்றைத் தடவினான். நகங்கள் கத்தரிப்பூ நிறத்தில் இருந்தன. குளிரில் சிவந்த கையை அவள் பார்த்திருக்கிறாள், வெளுத்த கையைப் பார்த்திருக்கிறாள். இந்த நிறத்தைப் பார்த்ததில்லை. அப்போதுதான் அந்த மாடு ஞாபகம் வந்தது. இல்லாத மாட்டுக்குத் தீவனம் கேட்ட குரல் இதே குரல்தான். அவன் மனதைத் திறக்கவில்லை. அவனுக்கு நினைவு தப்பிக்கொண்டிருந்தது. அவனுக்குரிய மூச்சு அவள் மூக்கில் இருந்தது.

"என்னாங்க! கீழ எறங்குங்க!"

"இங்கா பைக்கி போதாம்" என்றான் சந்தோஷமாக. இன்னும் மேலே போகலாமாம்.

"போதுங்க! எனக்கு வேணாம், எறங்குங்க!"

"பயம் லேது, பயம் லேது." அவன் தலை ஒரு பக்கம் சாய்ந்தது.

தொடாதே என்று அவன் சொன்ன லீவரை அனிதா பிடித்து இழுத்தாள். இன்ஜின் சத்தம் அடங்கியது. ஒரு கணம் எங்கும் காற்றின் சத்தம் மட்டும் கேட்டது. வண்டி கவிழப்போகிறது என்று நினைத்தாள். அது கவிழவில்லை. மூக்கைத் தாழ்த்திக்கொண்டு, அவன் சொன்னது மாதிரியே சமத்தாக, இறங்க ஆரம்பித்தது. அவள் பல்லால் கையுறையைப் பிடுங்கிவிட்டு, மூக்கிலிருந்த குழாயை ஹெல்மெட்டோடு மல்லுக்கட்டி உருவினாள். முன்னால் எக்கி, இடது கையால் அவன் நெற்றியைத் தன் பக்கம் இழுத்துப் பிடித்து, வலது கையால் குழாயின் இரண்டு முனையையும் அவன் மூக்கில் வைத்து அழுத்தினாள். விரல் மரத்துப்போயிற்று. விடவில்லை.

"மூச்சு விடுங்க. என்னாங்க, மூச்சு விடுங்க. ஹரீஷ் ஸ்கூல் விட்டு வருவான், வாங்க, வீட்டுக்குப் போலாம். மூச்சு விடுங்க."

அவளுக்கும் தலை சுற்றியது. வானவில் வளையம் இன்னும் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தது. அத்தனை அழகும் அப்படியே இருந்தது. மனுஷன் இருந்தாலும் போனாலும் அது அப்படியேதான் இருக்கும் என்று அவளுக்குப் புரிந்தது. அதைப் பார்த்து மறுபடியும் கும்பிட வேண்டும்போல் இருந்தது, கை இரண்டும் அவன் முகத்தில் இருந்தன.

மேகம் எழுந்து வந்து அவர்களுக்குச் சமமாக நின்றபோது அவன் தோள் அசைந்தது.

"அனிதா?" என்றான். "என்னாச்சு? ஏன் எறங்கறம்? இன்ஜின யாரு கொறச்சது?"

தமிழ். அந்தச் சாதாரணத் தமிழைக் கேட்டதும் அவள் வாய்விட்டு அழுதாள்.

தரையைத் தொட்டு வண்டி நின்ற பிறகும் இருவரும் பெல்ட்டைக் கழற்றவில்லை. திருமலைக்கு மேலே நடந்ததில் பாதி ஞாபகம் இல்லை. அவள் சொல்லச் சொல்ல முகம் செத்துப்போயிற்று. தன் வெறுங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு எழுந்து போய் ஓடுபாதைக் கேன்டீனில் டீ வாங்கி வந்து அவளிடம் கொடுத்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டான்.

"நான் போவல" என்றான். "இன்னிக்கே போன் பண்ணிச் சொல்லிடறன். நீ ஒண்ணும் சொல்ல வேணாம்."

அவள் எதற்காக வந்தாளோ அது கேட்காமலே கிடைத்துவிட்டது. வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். அனிதா அண்ணாந்து பார்த்தாள். இங்கிருந்து பார்த்தால் ஒன்றும் இல்லை, வெறும் வானம்தான். அந்த வளையம் எங்கே இருந்தது என்றுகூடச் சொல்ல முடியாது. இதைத் தெரிந்தவனைக் கீழேயே கட்டிப்போட அவளுக்கு இனி வாய் வராது. அனுப்பவும் மனசு வரவில்லை.

"அங்க பின்சீட்டுல யாரு?" என்று கேட்டாள்.

"கேமராக்காரர். டேராடூன்காரர்."

"கொழாய அவருக்கு மாட்டிவிடுவீங்களா?"

மாட்டிவிடுவான். அது அவளுக்கும் தெரியும்.

"மொதல்ல உங்க மூக்குல. அப்புறம்தான் யாருக்கா இருந்தாலும். ஹரீஷ் மேல சத்தியம் பண்ணுங்க."

சத்தியம் செய்தான். அனிதா டீயை ஒரு வாய் குடித்தாள்.

"அவருக்குத் தெலுங்கு தெரியுமா?"

"டேராடூன்காரருக்கா? எப்பிடித் தெரியும்?"

"அப்ப போறதுக்கு முன்னால நாலு வார்த்த சொல்லிக்குடுத்துட்டுப் போங்க" என்றாள். "நீங்க அதுல பேச ஆரம்பிச்சா உடனே கீழ எறக்கணும்னும் சொல்லிவைங்க."