ஹவுள் ஓரத்தில் ஒற்றைக்கால்

யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். அதற்காக யானை, ஊரே கூடியிருக்கும் வெள்ளிக்கிழமையில் பள்ளிவாசல் தண்ணீர்த் தொட்டிக்குள்ளா போய் விழும்? பூட்டுக்கடை சுலைமான் விழுந்தார். தொழுகைக்கு முன் கைகால் கழுவும் ஹவுள் அது. எல்லாரும் குந்திக் கழுவுவார்கள். இவர் மட்டும் அத்தா பழக்கியபடி நின்றுகொண்டே கழுவுவார். காலைத் தூக்கியவர் குனிந்து மீன்களைப் பார்த்தார். தலை சுற்றியது. அவ்வளவுதான்.

அன்றிலிருந்து மகன் ஜமீல் வீட்டிலேயே முக்காலியில் உட்காரவைத்துக் கால் கழுவிவிட்டான். பள்ளிவாசலுக்குப் போகத் தடை. தன் காலைத் தானே கழுவ முடியாத பிழைப்பு சுலைமானுக்குச் செத்ததற்குச் சமம்.

சேதி கேட்டு விளாங்குடியிலிருந்து சின்னான் வந்தார். சுலைமான் வீட்டு வயலில் கூலி வேலை செய்தவர்களின் மகன், சிறுவயதுக் கூட்டாளி.

"தாடியில மண்ணு ஒட்டலையே மாப்ள?"

"கேலியா பண்றே?"

"பின்னே? சாண் அகல வரப்புல ஓடுன ஆளு நீ. காலைப் பாத்தா ஓடுனோம்? தூரத்துல நின்ன ஒத்தப்பனையைத்தானே பாத்தோம்!"

சுலைமானுக்குச் சேற்று வாசம் மூக்கில் ஏறியது. எவ்வளவு லேசான கால்கள் அவை!

மறுநாளே ஆரம்பித்தார். கதவு நிலையைப் பிடித்து ஒற்றைக்காலில் நின்றார். பிறகு ஒரு விரல் மட்டும் தொட்டு. பிறகு அதுவும் இல்லாமல். தளக்கல் கோட்டின்மேல் அடிமேல் அடி வைத்து நடந்தார். "கொக்குக்கு வாழ்க்கைப்பட்டேனே!" என்று மனைவி ஜெயினம்பு சிரித்தாள். ஆனாலும் சுவரோரம் தலையணைகளைப் பரப்பிவைக்க மறக்கவில்லை.

மாதங்கள் கழித்து, ஜமீலை ஒருவழியாகச் சம்மதிக்கவைத்துப் புறப்பட்ட வெள்ளிக்கிழமை, சின்னான் துணைக்கு வந்திருந்தும் சுலைமானுக்கு உதறல்.

"பாக்கறதுக்குப் பனை இல்லையே சின்னா."

"நா வாசலுக்கு வெளிய நிக்கிறேன். என்னையப் பாரு."

ஹவுள் விளிம்பில் சுலைமான் நின்றார். ஊரே பார்த்தது. மீன்கள் கூப்பிட்டன. அவர் நிமிர்ந்து வாசலைப் பார்த்தார். வெயிலில் சின்னான், அசையாமல். வலது கால் கழுவியாயிற்று. இடதும் ஆயிற்று.

தொழுகை முடிந்து வெளியே வந்தால், சின்னான் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"இன்னுமா நிக்கிறே?"

"திரும்ப எப்பப் பாப்பியோன்னு அசையல மாப்ள. காலு மரத்துப்போச்சு. புடி, விழுந்துருவேன்."

சுலைமான் தோளைக் கொடுத்தார். வரப்பாக இருந்தால் ஒருவர் பின் ஒருவராகத்தான் போயிருக்க வேண்டும். நல்லவேளை, தெரு அகலமாக இருந்தது.