பதினாலா, ஒன்பதா?

1

இந்தக் கதை எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் கிடைத்தது. என் கண்ணாடியின் கம்பி தளர்ந்திருந்தது. இறுக்கித் தரச் சொல்லிப் போனேன். (தானாகத் தளர்ந்ததா என்று கேட்காதீர்கள். கடைக்காரர் முகமே சரியில்லை என்று தெரு முழுக்கப் பேச்சு.)

முதலில் இப்படித் தொடங்கினேன்: பங்குச் சந்தை என்பது ஒரு கடல், அதில் மூழ்கி...

வேண்டாம். கடைக்காரர் கடலையா பார்த்தார், கைபேசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

2

விஷயம் இதுதான். அவர் மனைவி வீட்டிலேயே துணி தைக்கிறவர். தெருமுனையில் ஓர் அறை பிடித்துத் தையல் கடை போட ஆசை. முன்பணம் சேர்த்துக் கணவரிடம் கொடுத்து வைத்தார். மனுஷன் அதை ஒரு பங்கில் போட்டுவிட்டார். நாளை மறுநாள் பணம் கொடுத்துச் சாவி வாங்க வேண்டும்; பணம் கைக்கு வர இன்றே விற்றாக வேண்டும். பங்கோ இறங்கிக்கொண்டே இருக்கிறது.

எல்லாம் ஆர்.எஸ்.ஐ. செய்த வேலை. (விலைக்குக் கீழே ஓடும் ஒரு கோடு. விலை ஏறி இறங்கும் வேகத்தைப் பூஜ்யத்திலிருந்து நூறுக்குள் சொல்லும். முப்பதுக்குக் கீழே போனால் அளவுக்கு மீறி விற்றுவிட்டார்கள், இனி விலை ஏறும் என்று அர்த்தமாம். அந்த அளவைச் சந்தைக்கு யாரும் சொல்லவில்லை போலிருக்கிறது.) முப்பதுக்குக் கீழே வந்ததும் வாங்கினார். கோடு அங்கேயே பாய் விரித்துப் படுத்துவிட்டது.

3

அவரைப் பேராசைக்காரராக எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. அறையோடு ஒரு புது மெஷினும் வாங்கித் தந்து அசத்தலாம் என்று நினைத்தவர், அவ்வளவுதான்.

கோட்டுக்குக் கடைசிப் பதினாலு நாள் விலையைக் கணக்கில் எடுப்பதுதான் வழக்கம். அவர் மாற்றி மாற்றிப் போட்டார். ஐந்தில் கோடு பேய் பிடித்ததுபோல் ஆடியது. இருபத்தொன்றில் அசமந்தமாகக் கிடந்தது. ஒன்பதில் லேசாகத் தலைதூக்கியது. அப்போதுதான் அவருக்கு மூச்சு வந்தது. கண் பார்க்கும்போது வில்லையை மாற்றி மாற்றிப் போட்டு, இதுவா அதுவா என்று நம்மைக் கேட்கிற அதே விரல்கள்.

4

மனைவி கழுத்தில் அளவு நாடாவோடு வந்து நின்றார். நான் இருப்பதையும் மறந்து கடைக்காரர் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, கைபேசியை நீட்டினார்.

"ஒன்பதுல பாரு, திரும்புது."

அந்தம்மா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். (எழுதியும் வைத்தேன், அடித்துவிட்டேன்.)

"கடைக்கு வர்றவங்ககிட்ட, தெரியிற எழுத்தைச் சொல்லுங்கன்னு தானே கேப்பீங்க? பிடிச்ச எழுத்தைச் சொல்லுங்கன்னா கேக்கறீங்க?" என்றார். "பதினாலுல வைங்க."

வைத்தார். கோடு தொப்பென்று விழுந்தது.

"இப்ப வித்தா பாதிதான் தேறும். விக்கட்டுமா?"

5

இங்கே விலையை ஏற்றி, சாவியை வாங்கிக் கொடுத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது. பிறகு, பாதிக்கு விற்கவைத்து, அறைக்காரரை மனமிரங்கித் தவணை தர வைத்தேன். அதுவும் நன்றாகத்தான்... நானும் ஒன்பதைத் தேடிக்கொண்டிருந்தேன்.

நடந்தது இவ்வளவுதான். அந்தம்மா நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே என் பக்கம் திரும்பினார்.

"அக்கா, நீங்க சொல்லுங்க."

தெருவுக்கே புத்தி சொல்கிற நான், என் கண்ணாடி ஆயிற்றா என்று கேட்டேன். கடைக்காரர் கம்பி இறுக்கிய கண்ணாடியை என்னிடம் நீட்டினார். அதை அப்படியே உங்களிடம் நீட்டுகிறேன். போட்டுப் பார்த்து, தெரிகிறதைச் சொல்லுங்கள். சீக்கிரம். சந்தை மூடப்போகிறது, அவர் கட்டைவிரல் விற்கிற பொத்தான் மேலேயே நிற்கிறது.