மேட்டுக்குப் போகும் பம்பு

குழியில் தண்ணீர் நின்றது. நேற்று முழங்கால் அளவு இருந்தது இன்று இடுப்பளவு ஏறியிருந்தது. ப்ரோனா விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தாள். கலங்கின தண்ணீரில் அவள் முகமே பழுப்பாகத் தெரிந்தது. பாழாய்ப்போன குழி! ஆளுயரத்துக்கு மேல் தோண்டி, கவுன்சில் என்ஜினீயர் வந்து பார்க்கும்வரை அதைத் திறந்தே வைத்திருக்க வேண்டும். குழி காய்ந்து கிடந்தால் செப்டிக் டேங்க் கழிவை மண் உறிஞ்சிக்கொள்ளும் என்று அர்த்தம், வீடு கட்டலாம். தண்ணீர் நின்றால் கட்டக் கூடாது. என்ஜினீயர் நாளைக் காலை வருகிறார்.

இது மூன்றாவது மனு. முதல் மனுவில், நீ இந்த ஊர்க்காரிதான் என்பதற்கு அத்தாட்சி எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள். அந்தக் கூத்தை என்னவென்று சொல்வது? அவள் பிறந்தது அங்கிருந்து நாலு வயல் தள்ளி. அவளுக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயிலின் கோபுரம் அந்தக் குழிக்கரையிலிருந்தே தெரியும். அப்பா, தாத்தா எல்லாரும் அதே கோயில் கல்லறையில்தான் படுத்திருக்கிறார்கள். வெளியூரான் வந்து வயலையெல்லாம் வீடாக்கிவிடக் கூடாதாம், அதனால் மேற்கு அயர்லாந்தில் சொந்த நிலத்தில் வீடு கட்டவும் நீ சொந்த ஊர்க்காரி என்று நிரூபிக்க வேண்டும். இரண்டாவது மனுவில், வாசலில் நின்று பார்த்தால் வளைவில் வரும் வண்டி தெரியவில்லை, வேலிப்புதரை வெட்டு என்றார்கள். வெட்டக் கத்தியை எடுத்தால், இப்போது குருவி கூடு கட்டுகிற காலம், வெட்டாதே என்றார்கள். குருவி குஞ்சு பொரித்து, வளர்த்து, பறக்கவிடும்வரை ப்ரோனா காத்திருந்தாள். கூடு கட்டக் குருவிக்கு எந்த அனுமதியும் தேவைப்படவில்லை என்று ஊரெல்லாம் சொல்லிச் சொல்லித் தீர்த்தாள்.

இத்தனை நாளும் அவளும் புருஷன் யூனனும் கைக்குழந்தை ஊனாவும் அண்ணன் வீட்டு மாட்டுக்கொட்டகைக்குப் பின்னால் ஒரு தகரப்பெட்டி வண்டிவீட்டில் கிடந்தார்கள். சுவரெல்லாம் கருப்புப் பூஞ்சை. எத்தனை தடவை துடைத்தாலும் ஒரு வாரத்தில் திரும்ப வந்துவிடும். குழந்தைக்கு நெஞ்சில் எப்போதும் கரகரவென்று ஒரு சத்தம். இன்னொரு குளிர்காலத்தை அந்தப் பெட்டிக்குள் பிள்ளை தாங்குமா என்று நினைக்கும்போதெல்லாம் ப்ரோனா துணியை எடுத்துச் சுவரை மறுபடி துடைத்தாள்.

யூனன் பின்னால் வந்து நின்று குழியைப் பார்த்தான். அவன் டொனிகால் பக்கத்துக் கடற்கரைக்காரன், கழுத்துவரை முழுகினாலும் கேலி பேசுகிற ஜாதி.

"வீடு கிடைக்கலைன்னா என்ன, மீன் வளக்கலாம்."

"வாயை மூடு யூனன். எனக்குப் பத்திக்கிட்டு வருது."

"சரி சரி. மாலக்கிகிட்ட ஒரு பம்பு இருக்காம். இந்த ரோட்டுல எல்லாரும் அதை வச்சுத்தான் குழியைக் காயவச்சாங்களாம். என்ஜினீயர் வர்றப்ப ஒரு மணி நேரம் காஞ்சு இருந்தாப் போதும். நீ போய்க் கேளு, நீதான் ஊர்க்காரின்னு நிரூபிச்சிட்டியே."

மாலக்கியின் வீடு அந்த வயலுக்கு நேர் கீழே, மேட்டின் இடுப்பில் இருந்தது. அதற்கும் கீழே, அடிவாரத்தில் அட்ராக்டா என்கிற விதவையின் வீடு. மேட்டில் ஊர்க்குழாய் கிடையாது, ஒவ்வொரு வீட்டுக்கும் அவரவர் போர்தான். மாலக்கி தனிக்கட்டை, அறுபதைத் தாண்டியவர். யார் வீட்டுச் சாவென்றாலும் முதல் ஆளாகப் போய் நிற்பார். ப்ரோனா பம்பு என்று சொல்லி வாயை மூடவில்லை, மனுஷன் முகம் ஒரு மாதிரி ஆகிவிட்டது.

"மேல் வயலுக்கா?"

"ஆமா. நாளைக் காலையில என்ஜினீயர் ஹெனகன் வர்றாரு. கொஞ்சம் தண்ணி நிக்குது, அவ்வளவுதான்."

அவர் எழுந்து போய்க் குழாயைத் திறந்து, இரண்டு டம்ளரில் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்தார். அயர்லாந்தில் வீட்டுக்கு வந்தவளுக்குத் தேநீர் கொடுக்காமல் பச்சைத்தண்ணீர் கொடுத்தவர் அவர் ஒருத்தராகத்தான் இருக்கும்.

"குடிச்சுப் பாரு பொண்ணே."

குடித்தாள். பல் கூசுகிற மாதிரி சில்லென்று, தேனாக இருந்தது. அவரும் குடித்தார். அவசரமே இல்லாமல், ஒவ்வொரு வாயாக, கண்ணை மூடிக்கொண்டு குடித்தார். பார்க்கவே ப்ரோனாவுக்கு என்னவோபோல் இருந்தது. சும்மா இருக்க முடியாமல் சிரித்துக்கொண்டே கேட்டாள்.

"இப்படித் தண்ணி பக்கத்துலயே இருக்கு, அட்ராக்டா எதுக்குக் கடையிலேர்ந்து கேன் கேனா வாங்கிட்டு வர்றாங்க? வயசான காலத்துல சீமாட்டி ஆயிட்டாங்களா?"

மாலக்கி சிரிக்கவில்லை. கொட்டகைக்குப் போய்ப் பம்பையும் ஓஸையும் எடுத்துவந்து அவள் வண்டியில் அவரே ஏற்றினார்.

"திருப்பிக் கொண்டாந்து தர வேணாம். நீயே வச்சுக்க. உனக்கு மேல வர்றவங்க கேப்பாங்க."

தாராள மனசு என்று நினைத்துக்கொண்டாள் ப்ரோனா. புத்தி அவ்வளவுதான் வேலை செய்தது.

விடிந்தும் விடியாததுமாகப் பம்பைப் போட்டார்கள். தண்ணீர் வாய்க்காலில் விழுந்து சரிவில் இறங்கி ஓடியது. அது போன திசையைப் பார்த்தாள். நேராக மாலக்கி வீட்டுக் கொல்லைக்குத்தான் போனது. ஜன்னலில் அவர் நின்றுகொண்டிருந்தார். ப்ரோனா கையைத் தூக்கிக் காட்டினாள், அவர் காட்டவில்லை.

குழி வற்றியது. ஆனால் சும்மா இருந்ததா? நாலு பக்கச் சுவரிலிருந்தும் தண்ணீர் கசிந்துகொண்டே இருந்தது. யூனன் உள்ளே இறங்கிச் சாக்கால் துடைத்தான். துடைத்த இடம் மறுபடி வேர்த்தது. காய்ந்த மண்ணைக் கொண்டுவந்து அடியில் தூவினான். அதுவும் கறுத்துப்போயிற்று, மேலே இன்னொரு கூடை தூவினான்.  சுற்றிலும் கோரை முளைத்திருந்தது. கோரை முளைக்கிற நிலம் ஈர நிலமென்று பால்குடி மறக்காத பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதைப் போன வாரமே அறுத்து ஒளித்துவிட்டார்கள், இருந்தும் அடிக்கட்டை பச்சையாகத் தலையை நீட்டிக்கொண்டிருந்தது. தூரத்தில் கார் சத்தம் கேட்டதும் யூனன் பம்பை வைக்கோலுக்குள் தள்ளினான்.

ஹெனகன் ஒல்லியான ஆள். ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு குழிக்குள் இறங்கினார். சுவரை நகத்தால் சுரண்டி, மண்ணை விரலில் உருட்டிப் பார்த்தார்.

"சாம்பல் கலர்ல இருக்கே. தண்ணி நின்ன மண்ணுதான் இப்படி இருக்கும்."

"இந்தப் பக்கமே மண்ணு அப்படித்தாங்க சார்," என்றாள் ப்ரோனா. குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது.

ஹெனகன் மேலே ஏறி வந்தார். கீழே மாலக்கி வீட்டையும், அதற்குக் கீழே அட்ராக்டா வீட்டையும், மேலே வெறுமையாகக் கிடந்த வயலையும் நிதானமாகப் பார்த்தார்.

"இந்த ரோட்டுல ஒருத்தருக்கு முடியாதுன்னு எழுதினேன். மறுநாளே கார் டயரைக் கிழிச்சிட்டாங்க. கவுன்சிலர் என் மேலதிகாரிக்குப் போன் போட்டாரு. அதுக்கப்புறம் இங்க எனக்கு எல்லாக் குழியும் காஞ்சேதான் கெடைக்குது." அவர் அவளை நேருக்கு நேர் பார்த்தார். "இதை ஒரு தடவைதான் கேப்பேன். குழி தானாக் காஞ்சுதா, இல்ல நீங்க காயவச்சீங்களா?"

யூனன் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டு நின்றான். காரில் ஊனா இருமினாள். அந்தக் கரகரப்பு மூடின கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது. ப்ரோனாவுக்கு அதற்குமேல் யோசிக்க எதுவும் இல்லை.

"தானாக் காஞ்சதுதான் சார்."

"சரி." அவர் பூட்ஸைக் கழற்றினார். "நான் பாத்ததைத்தான் நான் எழுத முடியும். இதைக் குடிக்கப்போறது நான் இல்ல."

அவர் வண்டி வளைவைத் தாண்டியதும் யூனன் அவளைத் தூக்கிச் சுற்றினான். இறக்கிவிட்டதும் இருவரும் குழிக்குள் பார்த்தார்கள். தூவின மண்ணின் மேல் அதற்குள் ஒரு கை அளவு தண்ணீர் தேங்கியிருந்தது.

அனுமதி வந்தது. வீடு எழுந்தது. அஸ்திவாரம் போடும் நாளில் ஊரே வந்து கைகொடுத்தது. மாலக்கிதான் முதல் ஆளாக வந்து மண்வெட்டியைப் பிடித்தார், நாள் முழுக்க வேலை செய்துவிட்டுப் போனார். கிறிஸ்துமஸுக்கு முன்னால் குடி வந்துவிட்டார்கள். சுவர் காய்ந்த சுவர், தரை சூடான தரை. ஒரே மாதத்தில் குழந்தையின் நெஞ்சுச் சத்தம் நின்றது. அது நின்ற ராத்திரி ப்ரோனா தொட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சந்தோஷத்தில் குலுங்கிக் குலுங்கி அழுதாள். சும்மா சொல்லக் கூடாது, அவள் வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷம் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

இரண்டாவது குளிர்காலம் விடாத மழை. கொல்லையில், செப்டிக் டேங்குக்குக் கீழ்ப்பக்கம், புல் மட்டும் அசிங்கமான பச்சையில் செழித்து நின்றது. மிதித்தால் பொதபொதவென்று உள்வாங்கியது. ஒருநாள் கடைவீதியிலிருந்து திரும்பும்போது மாலக்கி தன் காரின் பின்பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். உள்ளே வரிசையாகத் தண்ணீர் கேன்கள். ப்ரோனா வண்டியை நிறுத்தினாள். ஒரு கேனைத் தூக்கி உதவப்போனவள் பாதியிலேயே நின்றுவிட்டாள்.

"மாலக்கி, என்ன இது?"

"தண்ணி."

"அது தெரியுது. உங்க போருக்கு என்ன ஆச்சு?"

"நாறுது," என்றார் சாதாரணமாக. "மண்ணு உறிஞ்சலைன்னா அது எங்கதான் போகும்? சரிவுலதானே போகும். அட்ராக்டாவோடது என்னால போச்சு. என்னோடது உன்னால போச்சு. அந்தப் பம்பு அட்ராக்டாவோடது, தெரியுமா? நான் வீடு கட்டுறப்ப அவங்கதான் குடுத்தாங்க. அவங்களும் அன்னிக்கு எனக்கு ஒரு டம்ளர் தண்ணிதான் குடுத்தாங்க."

 ப்ரோனாவுக்குக் கோபமும் வெட்கமும் சேர்ந்து வந்தது, கோபம்தான் முதலில் வெளியே வந்தது.

"தெரிஞ்சேவா குடுத்தீங்க? முடியாதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல! மனுசனா நீங்க?"

"என்னன்னு சொல்றது? என் குழியும் ஈரம்தான், நானும் பொய் சொல்லித்தான் கட்டினேன்னா? கைக்குழந்தையோட நின்ன பொண்ணோட வீட்டைக் கெடுத்தவன்னு பேர் வாங்கிட்டு இந்த ஊர்ல இருக்க முடியுமா? காட்டிக்குடுத்தவனோட சவப்பெட்டியைத் தூக்க இங்க யாரு வருவா? எனக்குப் புள்ளையா குட்டியா?" அவர் அவள் கையிலிருந்த கேனை வாங்கிக்கொண்டார். "உன் மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல. உன் தண்ணி நல்லாத்தான் இருக்கும். உனக்கு மேல இன்னும் யாரும் வரலையே."

அன்றிலிருந்து ப்ரோனாவின் கண் தன் வீட்டுக்கு மேலே கிடந்த வயலை விட்டு அகலவில்லை. அதில் மாடு மேய்ந்தால் நிம்மதி. வேலியோரம் ஒரு கார் நின்றால், அது கிளம்பிப் போகும்வரை ஜன்னலை விட்டு நகர மாட்டாள். யூனனிடம் சொன்னாள். அவன் கேலி செய்யாமல் கேட்டான், அதுவே அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. போய்ச் சொல்லிவிடலாமா என்று ஒருநாள் கேட்டாள். "எங்க போய்? ஹெனகன்கிட்டயா? நம்ம வீட்டை இடிக்கச் சொல்லி நாமளே மனு குடுக்கணும்," என்றான் அவன். 

அடுத்த வசந்தத்தில் மேல் வயலின் வேலியில் மஞ்சள் நோட்டீஸ் ஏறியது. வீடு கட்ட அனுமதி கோரி மனு. அதற்குச் சில வாரம் கழித்து மண் தோண்டும் இயந்திரம் வந்து ஒரு குழி தோண்டிவிட்டுப் போனது. அன்று ராத்திரி மழை பெய்தது.

மறுநாள் சாயங்காலம் கதவு தட்டும் சத்தம். திறந்தால் க்ளோடா நின்றாள். அவளும் உள்ளூர்ப் பெண்தான், ப்ரோனாவின் தம்பியோடு பள்ளிக்கூடம் படித்தவள். வயிற்றைத் தள்ளிக்கொண்டு, எட்டு மாசம். மாமியார் வீட்டு மச்சில் ஒரே அறையில் குடித்தனம் என்று ஊரெல்லாம் தெரியும். காலெல்லாம் சாம்பல் நிறச் சேறு.

"அக்கா, தப்பா நெனைக்காதீங்க. குழியில தண்ணி நிக்குது. என்ஜினீயர் நாளைக்கு வர்றாராம். பம்பு உங்ககிட்டதான் இருக்குன்னு மாலக்கி சொன்னாரு."

ப்ரோனா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "உள்ள வா," என்றாள். நாற்காலியை இழுத்துப் போட்டாள். அப்புறம் கேட்காத கேள்விக்குப் பதில் சொல்வதுபோல் கொட்டினாள். "அந்த நெலம் வேணாம் க்ளோடா. அது சரியான ஈரம். அங்க கட்டாதே, நான் சொல்றதைக் கேளு. வேற இடம் பாரு."

க்ளோடாவின் முகம் சுருங்கியது. "வேற இடம் யாரு குடுப்பா? எங்கப்பாகிட்ட இருக்கிறது அந்த ஒரு வயல்தான். இது எங்களுக்கு நாலாவது மனு. உங்க வயலும் குளம் மாதிரிதான் கிடந்துச்சுன்னு எல்லாரும் சொல்றாங்க. இப்பப் பாருங்க, எப்படி ஜம்முனு இருக்கீங்க." சுவரை, தரையை, ஜன்னலை அவள் ஆசை ஆசையாகப் பார்த்தாள். அப்புறம் குரல் மாறியது. "நீங்க கவுன்சில்ல ஆட்சேபணை போடப்போறீங்களா அக்கா? அப்படின்னா மூஞ்சிக்கு நேராச் சொல்லிடுங்க."

அந்த வார்த்தைக்கு அந்த ஊரில் என்ன கனம் என்று ப்ரோனாவுக்குத் தெரியும். ஹெனகன் அன்று கேட்ட கேள்வியும் நினைவுக்கு வந்தது. ஒரு போன் போட்டால் போதும், மேல் குழி நின்றுபோகும். அதோடு அவர் கேட்பார், உன் குழி எப்படிக் காய்ந்தது என்று. தகரப்பெட்டியின் கருப்புப் பூஞ்சை கண் முன்னால் வந்தது.

"சேச்சே, நான் ஏன் ஆட்சேபணை போடப்போறேன்," என்றாள்.

குழாயைத் திறந்து ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்தாள். கை அவளைக் கேட்காமலே அதைச் செய்தது. க்ளோடா ஒரே மூச்சில் குடித்துவிட்டு வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"அடேயப்பா, என்ன அருமையா இருக்கு உங்க தண்ணி!"

"ஆமா," என்றாள் ப்ரோனா. "நல்ல தண்ணி."

கொட்டகைக்குப் போய்ப் பம்பை எடுத்துவந்து காரில் ஏற்றினாள். எட்டு மாசக்காரியைத் தொடவிடவில்லை. ஓஸைச் சுருட்டி மேலே வைத்தாள். க்ளோடா அவளைக் கட்டிப்பிடித்துக் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள்.

"நாளைக்கே கொண்டாந்து குடுத்துடறேன் அக்கா."

"வேணாம். நீயே வச்சுக்க."

கார் மேட்டில் ஏறிப் போகும்வரை வாசலில் நின்றாள். உள்ளே வந்தபோது ஊனா பாத்திரம் கழுவும் தொட்டியருகே குட்டி ஸ்டூலைப் போட்டு ஏறி, தன் கோப்பையைக் குழாய்க்கு நேராக நீட்டிக்கொண்டு நின்றாள். ப்ரோனா குழாயைத் திறந்துவிட்டாள். குழந்தை மடமடவென்று முழுவதையும் குடித்துவிட்டு, இன்னொன்று கேட்டது.