ஆறாவது விரால்

பிள்ளை வளர்ப்பதில் விரால் மீனுக்கு ஈடாக ஓர் அப்பனைக் காட்டுவது கஷ்டம். முட்டை பொரிந்ததும் குஞ்சுகள் செக்கச் செவேலென்று பந்தாகத் திரண்டு நீந்தும். அப்பன் அடியிலேயே கிடந்து, கிட்டே வருகிற எதையும் பாய்ந்து விரட்டும். சரியாக முப்பது நாள், குஞ்சுகள் நிறம் மாறித் தனித்தனியே பிரியும் வரைக்கும் அதற்கு வேறு ஜோலி இல்லை. மௌனிகாவுக்கும் இரண்டு வருசமாக அதைப் பார்த்து எழுதுவதைத் தவிர வேறு ஜோலி இல்லை.

ஜிலேபி மீன் பெருகிப்போன குளத்தில் விரால் எப்படிக் குஞ்சு காக்கிறது என்பது அவளுடைய முனைவர் பட்ட ஆய்வு. தினமும் காலையில் காந்திபுரத்தில் பஸ் ஏறி, சூலூர் தாண்டி இந்தக் குளத்துக்கு வருவாள். குஞ்சுப் பந்து இடம் மாறிக்கொண்டே இருக்கும். மறுநாள் தேடி அலையாமல் இருக்க, சாயங்காலம் கிளம்பும்போது அதன் பக்கத்தில் சிவப்புத் துணி கட்டிய குச்சி ஒன்றை நட்டுவிட்டுப் போவாள். எதற்கு என்று ஊரில் யாரும் கேட்டதில்லை. பெரிய படிப்புப் படிக்கிற பெண்ணைக் குடைந்து கேட்பது மரியாதை இல்லை என்று அவர்களுக்கு எண்ணம். கேட்காதவர்களிடம் போய் என்ன சொல்வது என்று இவளும் இருந்துவிட்டாள்.

ஆறு அப்பன்களை அவள் கணக்கில் வைத்திருந்தாள். ஐந்து பாதியிலேயே காணாமல் போயின. ஒவ்வொரு தடவையும் காலையில் வந்து பார்த்தால் குஞ்சுகளை ஜிலேபி மேய்ந்துகொண்டிருக்கும். ஜிலேபியின் தொல்லை தாங்காமல் அப்பன் ஓடிவிடுகிறது என்று கட்டுரை எழுதினாள். ஒரு பத்திரிகை அதை ஏற்றும் கொண்டது. ஆறாவது மட்டும் பத்தொன்பது நாளாக ஓடாமல் நின்றது. ஏன் நிற்கிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. ஆனால் அதன்மேல் கொள்ளைப் பிரியம். கடைசிவரை அது நிற்க வேண்டும். கல்லூரி கொடுத்த காலம் இந்த மாதத்தோடு சரி; ஏழாவதைத் தேட நாள் இல்லை.

இருபதாம் நாள் காலை, குளத்தை ஒட்டித் தென்னந்தோப்பு வைத்திருக்கும் அங்கப்பன் தூக்குப்போசியோடு கரையில் காத்திருந்தார்.

"ஏனுங்க அம்மணி, தண்ணில எறங்கறதுக்கு முன்னால ஒரு வாய் சாப்பிட்டுப் போட்டுப் போங்க. உங்களுக்குன்னே ஊட்டுல செஞ்சாங்க."

சோறும் மீன் குழம்பும். இந்தப் பக்கத்தில் சாப்பாட்டை வேண்டாம் என்பது முகத்தில் அடிப்பது மாதிரி. பசியும் இருந்தது. இரண்டு துண்டு தின்றாள்.

"அருமைங்க. என்ன மீனுங்க?"

"நம்ம கொளத்து விராலுங்க. நேத்துப் பொழுதோட எம்பட கையாலயே புடிச்சேன்."

எடுத்த கவளத்தைத் திரும்ப வைத்தாள். "எந்தப் பக்கமுங்க?"

"நீங்க குச்சி நட்டு வெச்சிருக்கீங்கல்லோ, அங்கதானுங்க. தவக்களையக் கோத்துக் குஞ்சுக்கு மேல உட்டா, வெரட்ட வந்து கவ்விப்போடும். முன்னெல்லாம் குஞ்சு எங்கன்னு கொளம் பூரா தேடோணும். நீங்க வந்ததுல இருந்து ஊருக்கே சௌரியமுங்க, குச்சியப் பாத்துத் தூண்டி போட்டாப் போதும். இந்தக் கடைசி ஒண்ணு மட்டும் அம்மணிக்கு, ஆரும் தொடக் கூடாதுன்னு நாந்தான் சொல்லி வெச்சிருந்தேன்."

ஆறாவது ஏன் நின்றது என்று இப்போது விளங்கிவிட்டது.

அந்த ஐந்தும் ஓடவில்லை. குஞ்சைக் காக்கப் பாய்ந்துதான் செத்திருக்கின்றன. இடம் காட்டிக் கொடுத்தவள் அவள். போதாக்குறைக்கு அவற்றை ஓடுகாலி என்று அச்சிலும் ஏற்றப்போகிறாள். கோபம் வந்தது, ஆனால் யார்மேல் காட்டுவது? எதிரே நிற்கிற மனிதர் அவள் இன்னும் கொஞ்சம் சோறு போட்டுக்கொள்ள வேண்டுமே என்ற கவலையில் இருந்தார்.

"போதுங்க," என்று கையைக் கழுவிக்கொண்டு குளத்தில் இறங்கினாள்.

குஞ்சுப் பந்து பாதியாகியிருந்தது. மிச்சம் இருந்தவை அதே இடத்தில் சுற்றிச் சுற்றி வந்தன. ஓரத்திலிருந்து ஜிலேபிகள் கொத்திக்கொண்டிருந்தன. இடுப்பளவுத் தண்ணீரில் நின்று இரண்டு கையாலும் அடித்தாள். விலகிப் போயின; மூச்சு விடுவதற்குள் திரும்பி வந்தன. மறுபக்கம் அடித்தாள். இந்தப் பக்கம் வந்தன. குஞ்சுகள் அவள் நிழலுக்குள் ஒதுங்கிக் காலைச் சுற்றித் திரண்டன. அதைப் பார்த்ததும் அழுகை வந்துவிட்டது. படித்த படிப்பில் இதற்கு ஒரு வழியும் இல்லை.

அங்கப்பன் பயந்துபோய்த் தண்ணீரின் விளிம்புக்கு வந்தார். "என்னங்க அம்மணி பண்றீங்க?"

"வெரட்டறேனுங்க."

"எவ்வளவு நேரமுங்க அப்படியே நிப்பீங்க?"

"இன்னும் பத்து நாளுங்க," என்றாள் மௌனிகா. சொல்லி முடிப்பதற்குள் அவளுடைய இடது பக்கமாக நாலு ஜிலேபிகள் உள்ளே புகுந்துவிட்டன.