தட்டினால் விட வேண்டும்

மச்சான் தட்டியதை ஜிம்மில் இருந்த எல்லோரும் பார்த்தார்கள். பார்க்காதவன் அவன் கழுத்தைப் பிடித்திருந்த அவன் அக்கா புருஷன் உடும்பு ஒருவன்தான். பாட்டு அலறிக்கொண்டிருந்தது. மாஸ்டர் யாரையோ அதட்டினார் என்று உடும்பு அந்தப் பக்கம் நிமிர்ந்தான். அந்த நேரத்தில்தான் மச்சானின் விரல்கள் உடும்பின் இடது முன்கையில் தட்டின. மறுபடி தட்டின. அப்புறம் அடித்தன. பிறகு கை நழுவி விரிப்பில் விழுந்தது. மச்சானின் தொண்டையிலிருந்து குறட்டை போல ஒரு சத்தம் வந்த பிறகுதான் உடும்பு குனிந்து பார்த்தான். அதற்குள் மாஸ்டர் ஓடிவந்து அவன் கையைப் பிரித்துத் தள்ளிவிட்டார்.

“என்னடா பண்ற? அவன் தட்டுறான், தட்டுறான், நீ பாட்டுக்கு எங்கயோ பார்த்துக்கிட்டு நெரிக்கிற!”

கூண்டுக்குள் இறங்கிச் சண்டை போடுகிற இந்தத் தொழிலில் கையை முறுக்கலாம், காலைத் திருகலாம், மூச்சைக்கூட நிறுத்தலாம். யாரும் கேட்கமாட்டார்கள். ஆனால் எதிராளி ‘போதும், தோற்றேன்’ என்று தட்டினால் விட வேண்டும். அந்த ஒரு நம்பிக்கையில்தான் காலையில் தன் கழுத்தை அடுத்தவன் கையில் கொடுப்பவன் மத்தியானம் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து சாப்பிடுகிறான். தட்டியும் விடாதவன் சாம்பியனாக இருந்தாலும் சரி, அவனோடு பயிற்சி செய்ய ஒரு நாய்கூட வராது.

பிடித்தால் விடமாட்டான் என்று ரசிகர்கள் ஆசையாக வைத்த பெயர் உடும்பு. அவனும் எந்தச் சண்டையிலும் தட்டியதே இல்லை. ஒரு தடவை முழங்கை விலகிய சத்தம் முதல் வரிசை வரைக்கும் கேட்டது, அப்போதும் தட்டவில்லை. அதைச் சொல்லிச் சொல்லியே போஸ்டர் அடித்தார்கள். இன்றைக்கு மச்சானைத் தூக்கிக்கொண்டு போனவர்களில் ஒருவன் “உடும்புன்னா சும்மாவா” என்று முணுமுணுத்தது வசவு போல விழுந்தது.

இடது முழங்கைக்குக் கீழே அவனுக்கு உணர்ச்சி இல்லை. பலம் இருந்தது, பிடி இருந்தது, தொட்டால் மட்டும் தெரியவில்லை. கழுத்தில் நரம்பு நசுங்கியிருக்கிறது, இன்னொரு பெரிய அடி விழுந்தால் காலும் போய்விடலாம் என்று வேறு ஊரில் ஒரு டாக்டர் சொன்னார். அவன் தலையாட்டிவிட்டு வந்தான். அன்றிலிருந்து பயிற்சியில் எதிராளியின் கையைக் கண்ணாலேயே கவனித்து, தட்டியதும் விட்டுச் சமாளித்தான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலைதான், ஆனால் இன்று வரை மறைந்திருந்தது. சனிக்கிழமை ஒரு சண்டை. சாம்பியன் பெல்ட்டைக் காப்பாற்றிவிட்டால் போதும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருந்தான். போன சண்டைக்கு முன்னாலும் இதையேதான் சொல்லிக்கொண்டான்.

ஆஸ்பத்திரியில் மச்சான் தலையணையில் சாய்ந்திருந்தான். கண்ணின் வெள்ளை முழுக்க ரத்தப் புள்ளிகள். உயிருக்கு ஒன்றுமில்லை, ஆனால் குரல்வளை உள்ளே கிழிந்திருக்கிறது, இந்த வருஷம் சண்டையை மறந்துவிடு என்று சொல்லிவிட்டார்கள். சனிக்கிழமை அதே மேடையில் அவனுக்கும் முதல் பெரிய சண்டை இருந்தது. அதற்காக அவன் பட்டினி கிடந்து எடை குறைத்ததை உடும்பு பக்கத்தில் இருந்து பார்த்தவன். அவன் அக்கா, உடும்பின் மனைவி, வாசலருகே பிளாஸ்க்கைப் பிடித்தபடி நின்றாள்.

“நான் தட்டினேன் மாமா.” காற்றுதான் வந்தது, குரல் இல்லை.

“தெரியும்டா.”

“தெரிஞ்சுமா விடல?”

கை செத்துப்போச்சுடா என்று சொன்னால் போதும். சொன்னால் சனிக்கிழமை இல்லை, பெல்ட் இல்லை, உடும்பு என்ற பெயர் இல்லை. சொல்லாவிட்டால் இந்தப் பையன் ஆயுசுக்கும் மாமாவைக் கொலைகாரன் என்று நினைப்பான். உடும்பு தொண்டையைச் செருமினான். மச்சான் காத்திருந்தான். பிறகு மெதுவாகச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மத்தியானம் வீட்டுக்கு வந்த மனைவி செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அவன் படுக்கையில் உட்கார்ந்திருந்தான்.

“போன மாசம் உங்க இடது கையில கொப்புளம் எப்படி வந்துச்சு?”

“விரிப்புல தேய்ச்சுக்கிச்சுன்னு அன்னைக்கே சொன்னேனே.”

“அடுப்புல வெச்ச சட்டிய வெறுங்கையால இறக்கினீங்க. ஒரு ‘ஸ்’ கூட வரல. என் புருஷனுக்கு என்ன தாங்கும் சக்தின்னு நானும் மடச்சி மாதிரி நினைச்சேன். அந்தப் பக்கம் திரும்பிப் படுங்க.”

“எதுக்கு?”

“படுங்கன்னா படுங்க. நான் தட்டுறப்ப சொல்லுங்க.”

அவன் திரும்பிப் படுத்தான். எதிரே பீரோக் கண்ணாடி இருந்தது. அதில் தன் இடது கையும் அதன் மேல் உயர்ந்த அவள் கையும் தெரிந்தன. அவனுக்கு உயிர் வந்தது. கை இறங்கியது. “இப்ப,” என்றான். மறுபடி இறங்கியது. “இப்ப.” வெட்கமே இல்லாமல் சந்தோஷப்பட்டான், சனிக்கிழமை தப்பித்துவிட்டது. இன்னொரு தடவை இறங்கியது. “இப்பவும்தான். போதுமாடி?”

அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

“கடைசியா நான் மெத்தையத் தட்டினேங்க,” என்றாள். “அந்தக் கண்ணாடி முன்னாலதான் தினமும் தலை வாருறேன். அதுல எது தெரியும், எது தெரியாதுன்னு எனக்குத் தெரியாதா?”

அவன் இடது கையை இழுத்து மடக்கிக்கொண்டான்.

“மாமா பொறாமைல நெரிச்சுட்டாருன்னு தம்பி நினைச்சுக்கிட்டுக் கிடக்கான். எங்கிட்டக்கூடப் பேசமாட்டேங்குறான். டாக்டர் யார்கிட்டயாவது காட்டினீங்களா, என்னதான் சொன்னார்?”

சொன்னான். கழுத்து, நரம்பு, கால், எல்லாவற்றையும் கண்ணாடியைப் பார்த்தே சொன்னான். அவள் புடவைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள்.

“சனிக்கிழமை ஒண்ணு மட்டும்டி. அதோட சரி. எனக்கு வேற என்ன தெரியும்? பிடிக்கத் தெரியும், அவ்வளவுதான். இதையும் விட்டுட்டா நான் யாரு? தெருவுல போறவன்கூட என்னை நின்னு பார்க்கமாட்டான்.”

“நடந்து போனாத்தானே தெருவுல பார்ப்பாங்க,” என்றாள். எப்போதும் அவனைக் கிண்டல் செய்கிற அதே வாய்தான், ஆனால் பாதியிலேயே உடைந்தது.

போனை எடுத்துத் தம்பிக்குப் போட்டாள். ஸ்பீக்கரில் வைத்து அவன் முகத்தருகே மெத்தையில் வைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கமாட்டான் என்று உடும்பு நம்ப ஆரம்பித்தபோது எடுத்தான்.

“பேசுங்க,” என்றாள்.

எதிர்முனையில் கிழிந்த தொண்டையின் மூச்சு. அந்தப் பக்கம் பேச முடியாது. இந்தப் பக்கம் வாய் திறந்தது, நாக்கு எழவில்லை. எத்தனையோ பேர் அவன் கழுத்தை இறுக்கியிருக்கிறார்கள், இப்படி மூச்சு முட்டியதில்லை. கண்ணாடியில் அவள் அவனுடைய இடது கையை எடுத்துத் தன் மடியில் வைத்திருப்பது தெரிந்தது.

உடும்பு வலது கையை நீட்டினான். போனுக்குப் பக்கத்தில், மெத்தையில், தட்டினான்.

மூச்சுச் சத்தம் நின்றது.

மறுபடியும் தட்டினான். கேட்கவில்லையோ என்று இன்னும் பலமாகத் தட்டினான்.